ட்ரிப் சுவிச் விழாமல் செய்தவர் பழுதைத் திருத்தினாரா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "நான் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில் இரண்டு பிள்ளைகளுடனும் மாமியாருடனும் இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். போன மாரியில் ஒருநாள் இரவு, பெருமழைக்கு நடுவே, வீட்டு ட்ரிப் சுவிச் திரும்பத் திரும்ப விழுந்தது. குசினிச் சுவரிலுள்ள பிளக்கிலிருந்து எரிந்த மணமும் வந்தது. மாமியாரின் இன்சுலின் பிரிட்ஜுக்குள் இருந்ததால் பயந்துபோய், தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஆளை இரவோடிரவாக அழைத்தேன். அவர் அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்து 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ட்ரிப் சுவிச் ஒருநாளும் விழவில்லை. ஆனால் இப்போது கிணற்று மோட்டரைத் தொட்டால் கை விறுவிறுக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்த என் தம்பி, ட்ரிப் சுவிச்சுக்குள்ளால் வயர் போகவில்லை என்கிறான். அந்த ஆள் செய்தது சரியா? அவசர நேரத்தில் நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு கொடுப்பது நியாயம்?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன், இதை வாசித்தவுடன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, கிணற்று மோட்டரின் பிளக்கைக் கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வயரைச் சுருட்டி வையுங்கள். மோட்டரின் உடலைத் தொட்டுப் பார்த்து "இப்போது இழுக்கிறதா" என்று சோதிக்க எவரையும் விடாதீர்கள். வீடு சரிபார்க்கப்படும்வரை வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுவரை மெயினையும் நிறுத்தியே வைக்கச் சொல்வேன். அதற்கு வழியே இல்லையென்றால், பிரிட்ஜ், ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல் போன்ற இரும்பு உடலுள்ள சாமான்களின் பிளக்குகளையாவது கழற்றிவிட்டு, விளக்கை மட்டும் பயன்படுத்துங்கள். காலில் செருப்பும் கையில் ஈரமின்மையும் இருந்ததால் விறுவிறுப்போடு தப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஈரக் கிணற்றுக்கட்டில் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தயவு கிடைக்காது.

அந்த ஆள் செய்தது சரியல்ல. உங்கள் தம்பி சொல்வது உண்மையானால், அவர் ட்ரிப் சுவிச்சைச் சுற்றி நேரடியாக வயரைக் கொடுத்து, அதை வெறும் அலங்காரமாக்கிவிட்டுப் போயிருக்கிறார். பழுது அப்படியே இருக்கிறது. பழுது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றின் வாயை மட்டும் அவர் அடைத்திருக்கிறார்.

ட்ரிப் சுவிச் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது விளங்கினால் இனி எவரும் உங்களை இப்படி ஏமாற்ற முடியாது. லைனில் வீட்டுக்குள் வரும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிப் போகும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கேயாவது ஈரச் சுவர் வழியாகவோ, மோட்டரின் உடல் வழியாகவோ, ஒரு மனிதரின் உடல் வழியாகவோ மின்சாரம் நிலத்துக்கு ஒழுகினால், திரும்பி வருவது குறைகிறது. வீடுகளில் பூட்டும் ட்ரிப் சுவிச் அந்த வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டும்போது 0.3 செக்கனுக்குள்ளும், 150 மில்லி அம்பியராகப் பெருகினால் 0.04 செக்கனுக்குள்ளும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. 30 மில்லி அம்பியர் எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ள, உங்கள் விறாந்தையில் எரியும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழை நினைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் 230 வோல்ற்றில் அது இழுப்பது ஏறத்தாழ 40 மில்லி அம்பியர். அந்தச் சின்னக் குமிழை எரிக்கும் மின்னோட்டம் நெஞ்சின் குறுக்கே சில செக்கன் பாய்ந்தால் இதயத் துடிப்பு குழம்பி ஆள் இறந்துபோகலாம்.

"பெட்டியில் பிரேக்கர்கள் இருக்கின்றனதானே, அவை விழாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். விழாது. அவை விழுவது இழுக்கும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால்தான். இலங்கையில் வீட்டுக்கான ஏர்த்தை, அதாவது ஒழுகும் மின்சாரம் நிலத்துக்குப் போகும் வழியை, மின்சாரம் வழங்குவோர் கொண்டுவந்து தருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வளவில் செம்பு பூசிய கோல் ஒன்றை நிலத்துக்குள் இறக்கித் தமக்கான ஏர்த்தை அமைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோலுக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டரின் உடலில் லைன் முட்டினால் நிலத்துக்குப் பாய்வது 230ஐ 50ஆல் வகுத்தால் வரும் 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நாள் முழுவதும் அசையாமல் நிற்கும். ட்ரிப் சுவிச்சுக்கோ அது தாங்கும் அளவைப் போல 150 மடங்குக்கும் மேல். ஆகவே எங்கள் நாட்டு முறையில் நிலத்துக்கு ஒழுகும் மின்சாரத்தைத் தடுக்க ட்ரிப் சுவிச் ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் பக்கம் இன்னொரு கரைச்சலும் உண்டு. ஆடி, ஆவணியில் மண் காய்ந்து வெடிக்கும்போது ஏர்த்தின் தடை பல மடங்கு ஏறும். கிரவல் நிலத்தில் கோல் இறங்க மறுக்கிறது என்று பாதியில் வெட்டிவிட்டுப் போனவர்களின் வேலையையும் நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன். குசினித் தண்ணீரோ குளிக்கும் தண்ணீரோ ஓடும் ஈரமான பக்கத்தில் கோலை முழு ஆழத்துக்கு இறக்குவதே நல்லது.

அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்பதை வீட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மழையில் விழும் ட்ரிப் சுவிச்சைத் தேடிப் போகும்போது நான் முதலில் பார்க்கும் இடங்கள் நான்கு. வெளிச்சுவரில் மூடியில்லாமல் பூட்டிய குமிழ்த் தாங்கி. ஓட்டுக்குக் கீழே எலியோ அணிலோ கடித்த வயர். பல்லியோ குளவிக்கூடோ அடைத்த சுவிச்சுப் பெட்டி. கிணற்றுக்குப் போகும் வயரில் மரத்தடியில் முறுக்கி, ஒட்டுநாடா சுற்றி விட்ட மூட்டு. உங்கள் மோட்டர் இப்போது விறுவிறுப்பதால், நாலாவதில்தான் என் சந்தேகம் விழுகிறது. மோட்டருக்குள்ளேயே ஈரம் இறங்கியிருக்கவும் இடமுண்டு. விறுவிறுப்பு இருக்கிறதென்றால் மோட்டருக்கு ஏர்த் வயர் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதும் அநேகமாக உண்மை.

எரிந்த மணம் வேறு கதை. பிளக்குக்குள் திருகாணி தளர்ந்து வயர் சூடேறினால் மின்சாரம் எங்கும் ஒழுகுவதில்லை, ஆகையால் ட்ரிப் சுவிச் விழாது. இழுக்கும் அளவும் கூடுவதில்லை, ஆகையால் பிரேக்கரும் விழாது. பிளாஸ்ரிக் கறுத்து உருகும்வரை அது மௌனமாக எரிந்துகொண்டிருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் அன்றிரவு இரண்டு பழுதுகள் ஒன்றாக இருந்திருக்கக் கூடும். 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறத்தாழ 3,000 வாற்று. கேத்தலையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் ஒரே நீட்டு வயரில் கொடுத்தால் அந்த எல்லைக்கு அருகில் வந்துவிடுவோம். உருகிய பிளக்கை அவர் மாற்றியிருந்தாலும், சுவருக்குள் இருக்கும் வயரின் நுனி கருகியிருந்தால் அதை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் புதிதைப் பூட்ட வேண்டும். அந்தப் பிளக் குழுவுக்குப் போடப்பட்டிருப்பது 7/0.67 என்ற தடித்த வயரா, அல்லது விளக்குக்குப் போடும் 1/1.13 என்ற மெல்லிய வயரையே இழுத்துவிட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டாவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

இதற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1990களின் தொடக்கம் முதல் போர் முடியும்வரை, எங்கள் வன்னியின் பெரும்பகுதியில் கம்பத்து மின்சாரமே இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பிறகு மின்சாரம் வந்தபோது வீடுகளும் அவசரமாகவே எழுந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீடொன்றுக்குக் கிடைத்த 550,000 ரூபாயில் அத்திவாரம், சுவர், கூரை என்று முடிப்பதே பெரும்பாடாக இருந்த குடும்பங்களுக்கு, வயரிங் என்பது கடைசியில் மிஞ்சிய காசில் செய்த வேலையாகிவிட்டது. மற்ற ஊர்களில் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் "இதைத் தொடாதே, அதை இப்படிச் செய்யாதே" என்ற பழக்க அறிவு இங்கே ஒரு தலைமுறை அறுந்துபோயிற்று. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இனி அவசரத்தைப் பற்றிப் பேசுவோம். எரிந்த மணம், சூடான பிளக், பொறி பறத்தல், இரும்பைத் தொட்டால் இழுத்தல், சுவிச்சுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குதல் ஆகிய எதுவானாலும் முதல் மருந்து மெயின் சுவிச்சை நிறுத்துவதுதான். நிறுத்திய பின் ஆபத்து நின்றுவிடுகிறது. எஞ்சுவது இருட்டும் வசதிக்குறைவும் மட்டுமே. விடியும்வரை பொறுத்தால் பகல் வெளிச்சத்தில், மழை ஓய்ந்த பின், நிதானமாக ஆளைத் தெரிந்தெடுக்கலாம். உங்களை அவசரப்படுத்தியது மாமியாரின் இன்சுலின். ஆனால் கதவைத் திறவாமல் வைத்தால் பிரிட்ஜின் குளிர் சுமார் 4 மணித்தியாலம் நிற்கும். பயன்பாட்டிலிருக்கும் இன்சுலின் 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் சில வாரங்கள் வரை தாங்கும் என்பதைக் கிளினிக்கில் கேட்டாலே சொல்வார்கள். மாரி இரவொன்றில் ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் போத்தலை வைத்திருந்தால் காலைவரை அதற்கு ஒன்றும் ஆகியிராது. இதை நீங்கள் அன்று அறிந்திருந்தால், நள்ளிரவில் முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் எடுக்க வேண்டியே வந்திராது.

மெயினை நிறுத்திய பின்னும் புகை வந்தாலோ, மீற்றர்ப் பக்கத்தில் பொறி பறந்தாலோ, கம்பத்திலிருந்து வரும் வயர் அறுந்து விழுந்தாலோ, அது வயரிங்காரரின் வேலையல்ல. மீற்றர் வரையிலான பகுதி மின்சாரம் வழங்குவோருக்குரியது. அதன் முத்திரையை வேறெவரும் உடைக்கக் கூடாது. 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்து, விழுந்த வயரிலிருந்து எல்லோரையும் தூர நிறுத்துங்கள். எவரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால், முதலில் மெயின், பிறகுதான் ஆள். தொட்டு இழுக்கப் போனவரும் சேர்ந்து இறந்த வீடுகள் உண்டு. அம்புலன்சுக்கு 1990.

எரிந்த மணமோ தண்ணீரோ இல்லாமல் ட்ரிப் சுவிச் மட்டும் விழுகிறது என்றால், காய்ந்த கையும் செருப்புமாக நீங்களே ஒன்றைச் செய்து பார்க்கலாம். எல்லாச் சாமான்களின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, எல்லாப் பிரேக்கர்களையும் கீழே தள்ளி, ட்ரிப் சுவிச்சை மேலே தூக்குங்கள். நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தப் பகுதியில்தான் பழுது. அந்தப் பிரேக்கரைக் கீழேயே விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு இரவைக் கழிக்கலாம். எல்லாம் கீழே இருக்கும்போதும் ட்ரிப் சுவிச் நிற்கவில்லை என்றால், நியூட்ரல் எங்கோ ஏர்த்தைத் தொட்டிருக்கலாம், அல்லது சுவிச்சே பழுதாகியிருக்கலாம். இரண்டும் அளக்கும் கருவி வைத்துப் பார்ப்பவருக்கான வேலை. மெயினை நிறுத்திவிட்டுப் படுங்கள்.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு என் முதல் பதில், மழை பெய்யாத நாளில் கண்டுபிடியுங்கள் என்பதே. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக் கூட்டத்தில், அண்மையில் வீடு கட்டியவர்களிடம், பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ வேலை செய்தவர் யார் என்று விசாரியுங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனையாம் மட்டம் என்று கேட்பதில் வெட்கமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் முறையாகப் படித்து வெளிவரும் பிள்ளைகள் இன்று எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அனுபவம் மட்டுமே உள்ள நல்ல கைகாரர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் அவர்களையும் அளந்து பார்க்க வேண்டும்.

தொலைபேசியிலேயே பாதியை அளந்துவிடலாம். தேர்ந்தவர் உங்களிடம் கேள்வி கேட்பார்: எப்போது தொடங்கியது, மழையோடு வருகிறதா, எந்தப் பிரேக்கர், மணம் வந்ததா, அண்மையில் புதிதாக எதையாவது பூட்டினீர்களா. தான் புறப்படுவதற்கு முன் மெயினை நிறுத்தச் சொல்வார். "வந்து பார்க்கிறேன், ஆனால் இன்றிரவு பழுதான பகுதியைப் பிரித்து வைப்பேன், மிச்சம் பகலில்" என்று சொல்பவரை நம்புங்கள். ஒன்றையும் கேளாமல் "அரை மணித்தியால வேலை" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீட்டுக்கு வந்தவரின் பையைப் பாருங்கள். நுனியில் குமிழ் மின்னும் ரெஸ்ரர் ஒன்றை மட்டும் கொண்டுவந்தவரால் ஒழுக்கைத் தேட முடியாது. அது லைன் இருக்கிறது என்று மட்டும் காட்டும், நியூட்ரல் அறுந்ததையோ ஏர்த் இல்லாததையோ காட்டாது. மல்ரிமீற்றர் வேண்டும், வயரின் காவலைச் சோதிக்கும் மெகர் வேண்டும். மெகர் 500 வோல்ற்றைச் செலுத்தி, வயரின் உறை எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை அப்படியே விடக் கூடாது. வேலை செய்யும்போது மெயின் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். எங்கள் வீடுகளில் சிவப்பு–கறுப்புப் பழைய வயரும் மண்ணிறம்–நீலப் புது வயரும் கலந்து கிடப்பதால், நிறத்தை நம்பி இணைப்பவர் ஆபத்தானவர். ஒவ்வொரு நுனியையும் அளந்து பார்த்தே இணைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவையோ தம்பியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். இது பாதுகாப்புக்கும் சாட்சிக்கும் உதவும்.

முடிந்த பின், பழுதான துண்டைக் காட்டச் சொல்லுங்கள். கடித்த வயரோ, கறுத்த பிளக்கோ, ஈரம் இறங்கிய மூட்டோ கையில் வர வேண்டும். பிறகு உங்கள் கண்முன் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அது உடனே விழுந்து, வீடு முழுவதும் இருள வேண்டும். வீட்டில் ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தால், அந்த வயர் ட்ரிப் சுவிச்சைச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். அந்தப் பொத்தான் சுவிச்சின் இயக்கத்தை மட்டுமே சோதிக்கிறது, நிலத்திலுள்ள ஏர்த்தைச் சோதிப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்து, ஏர்த்தைத் தனியே மீற்றரால் அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பதை நீங்களே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

காசைப் பற்றி: 12,000 ரூபாய் கூடவா குறைவா என்று நான் தொகையை வைத்துச் சொல்ல மாட்டேன். மழை இரவில் மாங்குளத்திலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ மோட்டார் சைக்கிளில் வருபவருக்குப் பெற்றோலும் இரவுக்கான கூலியும் சேர்வது நியாயம். பழுதைத் தேட இரண்டு மணித்தியாலம் செலவிட்டு, மாற்றுவதற்குப் பத்து நிமிடமே எடுத்தாலும், அந்தத் தேடலுக்குத்தான் நாங்கள் கூலி வாங்குகிறோம். அதைப் பேரம் பேசிக் குறைப்பவர்களுக்குத் தேடாமல் திருத்துபவர்களே கிடைக்கிறார்கள். ஆனால் வருகைக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு என்று வேலை தொடங்குமுன் பிரித்துக் கேளுங்கள். சாமானைக் கடைப் பற்றுச்சீட்டோடு நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. பிரேக்கரிலும் ட்ரிப் சுவிச்சிலும் மலிவைத் தேடாதீர்கள். பழைய சாமானை அவர் எடுத்துப்போக விடாமல் வாங்கி வையுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த 12,000 ரூபாயில் எனக்கு உறுத்துவது, அது ஒரு பழுதையும் தேடியதற்காகக் கொடுக்கப்படவில்லை என்பதுதான்.

அவரைத் திரும்ப அழைப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அழைத்துச் சொல்லுங்கள், அதுவும் அமைதியாக. தான் என்ன செய்தார் என்பதை விளங்காமல் செய்திருந்தால், இதே வேலையை அவர் இன்னும் எத்தனையோ வீடுகளில் செய்திருப்பார்; அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் திருத்தும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம். வேறொருவரைக் கொண்டு இந்த ஒழுங்கில் செய்வியுங்கள்: முதலில் ட்ரிப் சுவிச்சைத் திரும்ப இணைத்தல், அடுத்து ஏர்த்தை அளத்தல், பிறகு கிணற்று வயரை மூட்டில்லாமல் ஒரே நீளமாக, ஏர்த் வயரோடு, குழாய்க்குள் புதிதாக இழுத்தல், கடைசியாக மோட்டரை மெகரில் சோதித்தல். ட்ரிப் சுவிச்சை இணைத்தவுடன் அது மறுபடி விழத் தொடங்கினால் பயப்படாதீர்கள். மோட்டரை எப்போது திரும்பப் போடலாம் என்பதை, மெகர் காட்டிய எண்ணைப் பார்த்த பின் அவரே சொல்லட்டும். அதுவரை கப்பிக் கயிறும் வாளியும் கிணற்றடியிலேயே இருக்கட்டும்.